கார்பெட்டுக்கு அடியில்

பழைய கார் எதையாவது பார்த்துவிட்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஏதாவது ஒரு கிழட்டு வண்டி எலும்பும் தோலுமாக நின்றுகொண்டே இருக்கும். சில மாதங்களில் அதுவே புது மாப்பிள்ளை மாதிரி தெருவுக்கு வரும். கதவுக் கைப்பிடியில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அதனால் அவனுக்கு ‘மெருகு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் பிழைத்திருந்தது.

அவன் பெருமையை ஊருக்குள் பரப்பியவள் அவனுடைய அக்கா. தபால் நிலையத்தில் அவளுக்கு வேலை. பார்சலை எடை போட்டுக்கொண்டே தம்பி புராணத்தை ஆரம்பித்துவிடுவாள். வரிசையில் நிற்பவர்கள் தப்பிக்க முடியாது.

அக்கா வீட்டுக்காரரிடம் அவருடைய அப்பா ஓட்டிய கார் ஒன்று தார்ப்பாய்க்குள் பல வருடமாகக் கிடந்தது. அதை ஒருநாள் கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

“சாகறதுக்குள்ள இத ஒரு தடவ ஓட்டிடணும் மச்சான்.”

“யாரு சாகறதுக்குள்ள அத்தான்? வண்டியா, நீங்களா?”

“ரெண்டு பேருல யாரு முந்துறோம்னு பாக்கலாம்” என்றார் அத்தான்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “சீட் பெல்ட் இல்லாம நான் ஏற மாட்டேன். சொல்லிட்டேன்.”

அந்தக் கார் செய்யப்பட்ட காலத்தில் பெல்ட் என்ற பேச்சே கிடையாது. மாட்டுவதற்கு வண்டியில் இடமும் இல்லை. கதவுத் தூணில் ஒரு முனை, இருக்கையின் இரண்டு பக்கமும் தரையில் இரண்டு முனைகள் என்று புதிதாகத்தான் உண்டாக்க வேண்டும். தரைத் தகட்டில் துரு இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு நல்ல தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். போல்ட் இறங்கும் இடத்தின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கனமான இரும்புத் தகடு கொடுக்க வேண்டும். ஒரு ஆளின் எடை மொத்தமும் ஒரே நொடியில் வந்து இழுக்கும்போது அந்தத் தகடுதான் தாங்கும். இதெல்லாம் மெருகுக்குத் தெரியாதது இல்லை. முந்தைய வண்டிகளில் அப்படித்தான் செய்திருந்தான்.

ஆனால் பெல்ட் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. அதற்குள் அவன் உள்ளே கருஞ்சிவப்பு கார்பெட்டை ஒட்டி முடித்திருந்தான். ஒரு சுருக்கம் இல்லை. மூலைகளில் தையல் கோடு போட்டதுபோல ஓடியது. அதைக் கிளப்பினால் கிழியும். பற்றவைத்தால் கருகும். அக்கா லீவு போட்டாயிற்று, மறுநாள் வண்டி வேண்டும் என்று அத்தான் வேறு நச்சரித்துக்கொண்டிருந்தார்.

மெருகு கார்பெட்டின் மேலிருந்தே துளை போட்டான். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவோரத்தில் துளைக்கருவி நனைந்த அட்டையில் இறங்குவதுபோலப் பொசுக்கென்று இறங்கியது. அடியில் துரு. அவன் கை ஒரு கணம் நின்றது. ‘அத்தான் என்ன, ரேஸுக்கா போகப் போறாரு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடியில் கனமான தகட்டுக்குப் பதிலாக ஒரு சின்ன வாஷரைக் கொடுத்து நட்டை முடுக்கினான். பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். நின்றது.

மறுநாள் அத்தானும் அக்காவும் கடைத்தெருவைத் தாண்டும்போது முன்னால் போன லாரி சடாரென்று நின்றது. அத்தான் பிரேக்கை மிதித்தார். வண்டி லாரியின் பின்பக்கத்தில் முட்டி நின்றது. பெரிய வேகம் இல்லை. ஓட்டுநர் பக்கத்தில் தரைத் தகடு நல்ல நிலையில் இருந்து பெல்ட் தாங்கியதால் அத்தானுக்குச் சிராய்ப்புகூட இல்லை. பக்கத்தில் இருந்த அக்காவின் முகம் மட்டும் டேஷ்போர்டில் மோதியது. தாடை கிழிந்து, தோள்பட்டை எலும்பு முறிந்தது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு வண்டியை எடுத்துவர மெருகு போனான். கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது அதுதான். சட்டையிலிருந்து பிய்ந்த பொத்தான் மாதிரி, பெல்ட்டின் கீழ்முனையில் போல்ட்டும் வாஷரும் அப்படியே தொங்கின. தரையில் பொத்தல். சுற்றிலும் லாரிக்காரர், போலீஸ்காரர், வேடிக்கை பார்க்கும் கும்பல். அவன் குனிந்து அந்த முனையை இருக்கைக்கு அடியில் தள்ளினான். பிய்ந்த கார்பெட்டை உள்ளங்கையால் தடவி மூடினான்.

ஆஸ்பத்திரியில் அக்கா தையல் போட்ட தாடையோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ பெல்ட் மாட்டிக் குடுத்தியே, அதனால பொழச்சேன்டா. டாக்டரே சொன்னாரு.”

மெருகு வாயைத் திறந்தான். “தண்ணி வேணுமாக்கா?” என்று கேட்டான்.

அதன்பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் அவள் இதையே சொன்னாள். தபால் நிலையத்து ஆட்கள், எதிர்வீட்டுக்காரி, அத்தானின் தங்கை. “என் தம்பி கைதான் என்னைக் காப்பாத்துச்சு.” அவர்கள் திரும்பி அவனைப் பார்ப்பார்கள். அவன் ஜன்னலைப் பார்ப்பான். ‘எவ்வளவு அடக்கம் பாரு’ என்றாள் எதிர்வீட்டுக்காரி. அந்தச் சொல் அவனைச் செருப்பால் அடித்தது மாதிரி இருந்தது. வீட்டில் அவன் மனைவி சோறு போட்டால் பாதியில் எழுந்துபோனான். “அக்காதான் தேறிட்டாங்களே, உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்று அவள் கேட்டாள்.

ஒருநாள் பல் டாக்டர் ஒருவர் ஷெட்டுக்கு வந்தார். வாசலில் அவருடைய பழைய கார் நின்றது. “உங்க அக்கா கதைய கேள்விப்பட்டேன். அதே மாதிரி எனக்கும் பெல்ட் மாட்டிக் குடுங்க. பின்னாடி என் பசங்க உக்காருவாங்க.”

அதே மாதிரி. மெருகு வாசலில் நின்ற காரைப் பார்த்தான். “கொஞ்ச நாள் பொறுங்க சார். எனக்கு ஒரு வேல பாக்கி இருக்கு” என்று அனுப்பிவைத்தான். அவர் போனதும் அத்தானுக்குப் போன் செய்து ஷெட்டுக்கு வரச் சொன்னான்.

அத்தான் வந்தபோது அவர் காரின் கார்பெட் முழுவதையும் உரித்து வெளியே போட்டிருந்தான். பொத்தலைக் காட்டினான். போல்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தான். “அன்னைக்கே தெரியும் அத்தான். துரு இருந்தது தெரியும். கார்பெட் கெட்டுடும்னு விட்டுட்டேன்.”

அத்தான் போல்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர், அன்று அதைத் திருப்பிக் கொடுத்தார். “உங்க அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ வந்து சொல்லு” என்றார்.

அக்கா கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் நின்றபடியே சொல்லி முடித்தான். அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்திருந்தான்.

“எலும்பு கூடிடும்டா” என்றாள் அவள். “அவசரத்துல தப்பு பண்ணிட்டன்னா, அதுகூடப் போகட்டும். ஆனா இத்தன நாளா நான் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் உன்னப் பத்திப் பீத்திக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்த. எப்படிடா முடிஞ்சுது உன்னால?”

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கால் கட்டைவிரலைப் பார்த்தபடி நின்றான்.

“போ. இப்ப உன்கிட்ட பேச முடியல என்னால.”

மெருகு துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எறிந்தான். புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் கனத்த இரும்பு கொடுத்தான். முன்னிருக்கை, பின்னிருக்கை இரண்டிலும் பெல்ட் வயிற்றை அழுத்தாமல் இடுப்பெலும்பின் மேல் படியும்படி இடம் பார்த்து மாட்டினான். பல் டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொன்னான். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “யோசிச்சு சொல்றேன்” என்று போனார். பிறகு அவருடைய கார் வேறொரு ஷெட்டில் நிற்பதை மெருகு பார்த்தான். குறை சொல்ல அவனிடம் எதுவும் இல்லை.

அக்கா மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானோடு ஷெட்டுக்கு வந்தாள். காரைச் சுற்றி நடந்தாள். கார்பெட் இல்லாத வெறும் தரையையும், அதில் தெரிந்த பற்றவைப்புத் தழும்புகளையும் குனிந்து பார்த்தாள்.

“கார்பெட் போடலியா?”

“நீ பாத்தப்புறம் போடலாம்னு இருந்தேன்.”

அவள் பின்கதவைத் திறந்தாள். பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அத்தான் வண்டியை எடுத்தார். மெருகு கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றான். வண்டி அவனைக் கடந்தபோது அக்கா அவன் பக்கம் திரும்பாமல் நேராகப் பார்த்தபடி போனாள்.