சுவடிக் கயிறு

எங்கள் சர்வகலாசாலைப் புத்தகசாலைக்காக ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வைத்தியர் வீட்டில், வேறெங்கும் கிடைக்காத விஷக்கடிச் சுவடி ஒன்று இருந்தது. வைத்தியருக்கு ஒட்டிய கன்னம், காதில் சிவப்புக் கடுக்கன், சிரிப்பறியாத முகம். சுவடியைத் தர மறுத்துவிட்டார். அங்கேயே உட்கார்ந்து பிரதி எடுக்க மட்டும் சம்மதித்தார். நான் எழுதும்போதெல்லாம் சுவடிக் கயிற்றின் நுனியைத் தம் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு எதிரிலேயே இருப்பார். முன்பு யாரோ இரவல் வாங்கிப்போன ஏடு திரும்பவே இல்லையாம். அதற்கு நானா பொறுப்பு? எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒரு மத்தியானம் அடுத்த வீட்டுக் கூரை பற்றிக்கொண்டது. ஆடிக் காற்று வேறு. வைத்தியர் கயிற்றை அவிழ்த்து என் கையில் திணித்துவிட்டுக் குடத்தோடு ஓடினார். முற்றத்தில் பொறிகள் விழுந்தன. சுவடியை மார்போடு அணைத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். அங்கே என் வாடகை வண்டி நின்றது.

"மாடு மிரளுது, ஏறுங்கய்யா, போயிருவோம்" என்றான் வண்டிக்காரன்.

நான் ஏறவில்லை.

தீ அடங்கியபின் சுவடியோடு அவர் வீட்டுக்குத் திரும்பினேன். கரி அப்பிய முகத்தோடு வைத்தியர் வந்தார்.

"என்னை நம்பியா கொடுத்துட்டுப் போனீங்க?" என்றேன்.

"நம்பிக்கை என்னத்துக்கு? இதுமேல இம்புட்டு ஆசை வச்ச ஆளு எரிய விடமாட்டீயன்னு தெரியும். களவாண்டுட்டுப் போனாலும் ஏடு பொழச்சுக்கிடும்ல."

அது மரியாதையா, ஏச்சா, இன்றும் எனக்கு விளங்கவில்லை.

கயிற்றுக்காகக் கையை நீட்டினார். அப்போதுதான் பார்த்தேன்: அதை என் மணிக்கட்டில் இறுகச் சுற்றியிருந்தேன். அவரே மெல்ல அவிழ்த்துத் தம் கையில் சுற்றிக்கொண்டு, "எழுதுங்க" என்றார்.