நிறத்தைத் தூக்கிக் காட்டும் சேலை

அன்று தூத்துக்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா, அப்பா, சித்தி மூவரும் இருந்தார்கள். மாப்பிள்ளையும் அவன் தாயும் தாய்மாமனும் வந்திருந்தார்கள். தங்கை ஜெசிந்தா உள்ளே இருந்தாள். நான் இல்லை. ஹாம்பர்க்கில் என் அறையில் இருந்தேன். ஊர் வீட்டு டிவி பக்கத்தில் சாய்த்து வைத்த கைபேசியில், வீடியோவில், ஒரு சாண் உயரத்துக்கு இருந்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். முன்பு வந்த இரண்டு வீட்டாரும் கலர் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். இந்த மாப்பிள்ளை கப்பல்காரன், ஜெசிந்தாவோடு போனில் பேசிப் பழகியவன். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. இதுவும் போனால் இனி யார் முன்னாலும் காப்பித் தட்டோடு நிற்க மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

எந்த நிறத்தில் உடுத்த வேண்டும் என்று சொல்வதற்கென்றே ஹாம்பர்க்கில் ஒரு தொழில் இருக்கிறது. நான் நித்தமும் சந்தனக் கலர் சட்டையில் போவதைப் பார்த்து, உடம்புக்கு முடியாதவனோ என்று நினைத்த பிர்கிட், என்னோடு வேலை பார்ப்பவள், சில வாரம் முன்பு அந்தத் தொழில் செய்யும் ஒரு பெண்ணிடம் கூட்டிப்போனாள். அந்தப் பெண் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, கழுத்தில் வெள்ளைத் துண்டு கட்டி, முகத்தை உற்றுப் பார்த்து, “டீஃப் உண்ட் க்யூல்” என்றாள். ஆழம், குளிர்ச்சி. ஊர்க் கடலைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, “அவ்வளவு குளிராது” என்றேன். “ஸீ ஸிண்ட் ஐன் வின்டர்” என்றாள். நீங்கள் ஒரு குளிர்காலம். “கோட்டு வாங்கிவிட்டேன்” என்றேன். இரண்டு பெண்களும் வெகுநேரம் சிரித்தார்கள். அதெல்லாம் என் முகநிறத்துக்கு அவர்கள் தொழிலில் வைத்திருக்கும் பெயராம். பிறகு துணிகளை ஒவ்வொன்றாக என் தாடைக்குக் கீழே பிடித்துக் காட்டினாள். சந்தனத்திலும் கடுகு மஞ்சளிலும் என் முகம் சாம்பல் பூத்துப்போனது. கருநீலமும் ராணி கலரும் வந்தபோது கண் தெளிந்தது, தோல் மினுங்கியது. என் கருப்புக்குள் நீலம் ஓடுகிறதாம். இருபத்தாறு வயதுவரை எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். கற்றுக்கொண்டதை வீட்டுக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. அன்று இரவே போனில் ஜெசிந்தாவிடம் ராணி கலரில் பட்டு எடு, உன் நிறத்தைத் தூக்கிக் காட்டும் என்றேன்.

“அண்ணே, அத மறைக்கத்தான இங்கன எல்லாரும் பாடுபடுதாங்க” என்று சிரித்தாள்.

அவள் சொன்னது சரி. சின்ன வயதில் கிறிஸ்துமஸ் துணி எடுக்கப் போனால், ஜவுளிக்கடை அண்ணாச்சி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பாப்பாவுக்கு லைட்டா எடுங்க. அடிக்கிற கலரு நிறத்தத் தூக்கிக் காட்டிரும்” என்பார். அம்மா தலையாட்டிக்கொண்டே சந்தனத்தையோ வெளிறிய ரோஸையோ எடுப்பாள். அந்தத் துணியில் எடுத்த ஒவ்வொரு போட்டோவிலும் ஜெசிந்தா காய்ச்சலில் இருந்து எழுந்தவள் போலிருப்பாள். ஆனாலும் இந்த முறை அவளே கடைக்குப் போய் ராணி கலரை எடுத்துவிட்டாள்.

எழுந்து உள்ளறைக்குப் போன சித்தியின் குரல் எனக்குக் கேட்டது. “ஏளா, பவுடர கழுத்துக்கும் போடு. மூஞ்சி மட்டும் வேற ஊர்ல இருந்து வந்த மாதிரி இருக்கு.”

ஜெசிந்தா பவுடரைக் கழுவிவிட்டுத்தான் வெளியே வந்தாள். அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் தாய் காப்பியை எடுத்துக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார். “சேல நல்ல சேல. நிறத்த நல்லாத் தூக்கிக் காட்டுது.”

“நன்றி அத்தை” என்றேன் நான்.

தாய்மாமன் தொடையில் தட்டிச் சிரித்தார். “வெளிநாட்டுத் தம்பி நன்றி சொல்லுதாருல்லா.” அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிர்கிட்டின் ஊரில் இருந்துகொண்டு அந்தத் தமிழைக் கேட்டிருக்கிறேன்.

“போட்டோவுல மாநிறமா இருந்திச்சு” என்றார் அந்தத் தாய். “அத நம்பித்தான் முப்பது பவுன் போதும்னு வாய்விட்டோம். கழுத்துல முத்துமால மட்டும் தனியாத் தெரியுது பாருங்க.”

மாப்பிள்ளை எங்கள் எல்லோரையும்விட ஒரு பிடி கருப்பு. அவனுக்கு அது கப்பல் வெயில் என்று கணக்கு. ஜெசிந்தா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் காப்பி டம்ளருக்குள் பார்த்தான்.

“பதினஞ்சு கூடப் போட்டா மத்த பேச்சு வேண்டாம்” என்றார் தாய்மாமன்.

“போடுங்க” என்றாள் ஜெசிந்தா. அப்பாவிடம் இல்லை, சம்பாதிக்கிற என்னிடம். எல்லோரும் கைபேசிப் பக்கம் திரும்பினார்கள். திரையின் மூலையில், ஒயின் நிறச் சட்டையில், என் முகம் தெளிவாக, நன்றாக இருந்தது. சரி என்றேன். சத்தம் அங்கே போய்ச் சேரக் கொஞ்ச நேரமானது. இங்கே நான் ஒத்துக்கொண்டு முடித்த பிறகும், அங்கே அவர்கள் என் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

நாற்பத்தைந்து பவுன்.