துரையின் கூடையைச் சுமந்த தேனிலவு

எலுமிச்சந்தோல் வாசனை... என் தேனிலவு என்றால் முதலில் மூக்குக்கு வருவது அதுதான்.

பஸ் ஏறுவதற்கு முந்தைய நாள் என் புதுப்பெண்டாட்டி செல்வமணி பீலிக் குழாய்த் தண்ணீர் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேயிலைக் கொழுந்து பறித்த கறை. ஆறு வருடக் கறை. எலுமிச்சந்தோல், சாம்பல், மறுபடி எலுமிச்சந்தோல். போகவே இல்லை.

போன மாதம் நானும் அவளும் பூட்டான் போய்வந்த படங்களை இங்கே ஃபேஸ்புக்கில் போட்டதும், "செகண்ட் ஹனிமூனா அண்ணே?" என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம். அப்படியென்றால் முதலாவதையும் சொல்லத்தான் வேண்டும்.

எழுபத்தொன்பது, ஏப்ரல். இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அவள் கொழுந்து மலையில், நான் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் மெஷின் வேலை. கல்யாணமாகி மூன்று வாரம். லயத்து வரிசை வீட்டில் ஒரே அறை, ஒரு காம்பரா... அதில் அம்மா, இரண்டு தங்கைகள், நாங்கள். நடுவில் ஒரு சேலைத் திரை.

அந்த மூன்று வாரமும் அவள் என்னிடம் பேசியதெல்லாம் கிசுகிசுப்புதான். அவள் சத்தமாகச் சிரித்தால் எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது. தேயிலை இந்த நாட்டுக்குப் பெருமை என்று ரேடியோவில் சொல்வார்கள். அந்தத் தேயிலையைப் பறிக்கிறவளுக்குப் புருஷனோடு பேச ஒரு சுவர் இல்லை.

இரண்டு நாள் தனியாக இருந்தால் போதும் என்றிருந்தது. நுவரெலியா மார்க்கெட்டில் வேலை செய்த சிநேகிதன் ஊருக்குப் போகும்போது தன் அறைச் சாவியைத் தருவதாகச் சொன்னான்.

லீவுதான் சிக்கல். கொழுந்து குவிகிற மாதம். சந்தோஷமாக இருக்கப் போகிறோம் என்று சொல்லித் தோட்டத்தில் லீவு வாங்க முடியாது. சாவு என்றால் கிடைக்கும். ஆகவே எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுகிற பெரட்டுக் களத்தில் நின்று, நோட்டன் பிரிட்ஜ் ஊரில் நன்றாக இருந்த என் பெரியப்பாவைச் சாகடித்தேன்.

ஆட்களை மேய்க்கிற கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்டா, ஒம் பெரியப்பா போன வருசமும் செத்தாரே?"

"அது சின்னவருங்க. இது மூத்தவரு."

"சரி சரி. பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போயி நல்லா அழுதுட்டு வா. பொய்னு தெரிஞ்சா தொரை ரெண்டு பேரு பேரையும் வெட்டிருவாரு. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத."

பேர் வெட்டினால் வேலை போகும். வேலை போனால் காம்பரா போகும். அம்மாவும் தங்கைகளும் ரோட்டில் நிற்பார்கள்.

போனோம்.

நுவரெலியா ஏரிக்கரை. சீசன் கூட்டம், பலூன், மட்டக்குதிரை. இரவல் நைலெக்ஸ் சேலையில் செல்வமணி. "இங்க பாருங்க, குதிரைக்குக்கூட போர்வை போத்தியிருக்காங்க!" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தாள். கட்டைக் குரலில் ஒரு சிரிப்பு. நான் எதிர்பார்க்கவே இல்லை...

அப்போதுதான் எதிரே எங்கள் தோட்டத்து மேனேஜர், துரை, வந்தார். மனைவி, பிள்ளைகளோடு. அவருக்கு லீவு எடுக்க யாரும் சாக வேண்டியதில்லை.

கூட்டத்தில் கரைந்திருக்கலாம். ஆனால் தோட்டத்து ரோட்டில் துரை வந்தால் குடையை மடக்கிவிட்டு, பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும். அது யோசித்துச் செய்கிற காரியமல்ல, உடம்பே செய்துவிடும். அவள் குடையை மடக்கினாள். நான் தோளில் கிடந்த ஸ்வெட்டரை உருவிக் கையில் பிடித்தேன். இரண்டு பேரும் ஓரத்துக் கானில், தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில், இறங்கி நின்றோம். அத்தனை ஜனத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அதனால்தான் அவர் கண்ணில் பட்டோம்.

"ஏய்... எந்தத் தோட்டம்?"

செல்வமணி விரல்களை முந்தானைக்குள் ஒளித்தாள். நான் வாயில் வந்த ஊரைச் சொன்னேன்.

"கொட்டகலைப் பக்கமுங்க, தொரை."

என் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். நாலு வருடமாகப் பெரட்டுக் களத்தில் அவர் முன்னால் நிற்கிற முகங்கள்.

"நல்லதாப் போச்சு. இதத் தூக்கிக் கார்ல வை."

சாப்பாட்டுப் பிரம்புக் கூடை. தூக்கிப்போய் வைத்தேன். கதவு சாத்தினார்கள். கார் போய்விட்டது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பயமல்ல.

"நாலு வருசமாப் பாக்குறான்... நம்ம மூஞ்சி தெரியல அவனுக்கு!"

அவள் புல்லில் பொத்தென்று உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். "தெரியாததுக்குச் சாமிய கும்புடுங்க. தெரிஞ்சிருந்தா உங்கம்மா சட்டி பானையோட ரோட்ல நின்னிருப்பாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "கூடையில கேக் வாசம் வந்துச்சே... ரெண்டு துண்டு எடுத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

சிரித்தோம். மூன்று வாரத்துக்கும் சேர்த்துச் சிரித்தோம்.

திரும்பிப் போனதும் பெரட்டில் எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார்கள். அந்த நிம்மதி இன்னும் உடம்பில் இருக்கிறது. அதற்கெல்லாம் நிம்மதிப்பட வேண்டியிருந்ததே என்ற ஆத்திரமும் இருக்கிறது.

அப்புறம் தோட்டத்தை விட்டு வந்தோம், பிழைத்தோம். இப்போது மகள் டிக்கெட் எடுத்துப் பூட்டானுக்கு அனுப்புகிறாள். எங்கள் மலை மாதிரியே குளிர், மூடுபனி, யாருக்கும் அவசரமில்லாத ரோடு. எங்களுக்கு வாய்த்துவிட்டது. அந்த லயங்களில் திரைக்குப் பின்னால் கிசுகிசுக்கிற ஜோடிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

பூட்டான் ஏர்போர்ட் கவுண்டரில் ஒரு இளைஞன், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டான். எழுபது வயதில் என் வாய் பழக்கதோஷத்தில் ஒரு பொய்யைத் தேடியது. அதற்குள் செல்வமணி முந்திக்கொண்டாள்.

"ஹாலிடே."

அவன் சிரித்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தான்.

வெளியே வந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவுதானாங்க? யாரையும் சாகடிக்க வேணாமா?"