தீர்த்தம் பிரித்துக் கொடுத்த பயறு

2008-ம் ஆண்டு, ஆவணி மாதம். திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு போகிற வழியில் எங்கள் ஊர். நான் இயற்பியலில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஆய்வு தட்டைப்பயறைப் பற்றி! இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆளே ஊரில் கிடையாது.

காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவைக்குள் மின்சாரம் பாய்ச்சினால் ஊதா நிறத்தில் ஓர் ஒளி பரவும். சூடு இருக்காது. குளிர் பிளாஸ்மா என்பார்கள். அது பட்ட விதை தண்ணீரைச் சீக்கிரம் குடிக்கிறதா, சீக்கிரம் முளைக்கிறதா என்று நான் சோதிக்க வேண்டும். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன். என் விதைகள் வெளியே வந்த கையோடு கருவி பழுதாகிவிட்டது. கையில் இருப்பது போனால் அந்த வருடப் படிப்பே போச்சு.

ஒளி பட்டது ஒரு பொட்டலம், படாதது ஒரு பொட்டலம் என்று சரிசமமாக எண்ணிக் கட்டினேன். எலிக்குப் பயந்து, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருக்கும் மாடத்தில் வைத்தேன். மறுநாள் எங்கள் வேதக்கோயிலில் விதை மந்திரிப்பு என்பது எனக்கு அடியோடு மறந்துபோனது. விதைப்புக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு தட்டு விதையைப் பீடத்தின் முன் வைப்பது எங்கள் ஊர் வழக்கம்.

காலையில் குளித்துவிட்டு வந்தால் மாடம் காலி. ஈரத்தலையோடு கோயிலுக்கு ஓடினேன். பீடத்தின் முன் அம்மாவின் எவர்சில்வர் தட்டில் என் பயறு, ஒரே குவியலாக.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்ட?”

“நம்ம பயறுல வண்டு விழுந்துருச்சுத்தா. உன்னுது மணி மணியா இருந்துச்சு. ரெண்டும் ஒரே பயறுதான, ஒண்ணாக் கொட்டிட்டேன்.”

இனி எது ஒளி பட்டது, எது படாதது என்று யாரால் சொல்ல முடியும்? அதற்குள் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்துவிட்டார். போச்சு, இப்போது நனைந்தும் விட்டது என்று தட்டையே வெறித்தேன். சில பயறுகள் மேல் துளி முத்தாக உருண்டு நின்றது. பக்கத்துப் பயறில் விழுந்த துளியோ உடனே பரவி, தோல் முழுக்க ஈரமானது. ஒளி பட்ட விதைதான் தண்ணீரை இப்படி அணைத்துக்கொள்ளும்!

பூசை முடியும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, விதைகளைத் துணியில் ஒற்றி, மை ஊற்றும் ஃபில்லரால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளி வைத்துப் பிரித்தேன். கடைசியில் இரண்டு குவியலையும் எண்ணினேன். சரிசமம்! அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. பின்னாலேயே வந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

“மந்திரிச்ச விதை வீணாப் போவுமாத்தா?” என்றாள், எல்லாமே தன் ஏற்பாடு போல.

நடந்ததை வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். “தண்ணி ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே பட்டிருக்கு? தைரியமா முளைக்கப் போடுங்க” என்றார். ஒளி பட்ட குவியல்தான் முந்திக்கொண்டு முளைத்தது.

இன்றும் கோயிலில் தீர்த்தம் தெளிக்கும்போது எல்லோரும் கண்களை மூடிக்கொள்வார்கள். எல்லாம் போயிற்று என்று நினைத்த நிமிடத்தில் வழி காட்டிய அந்தத் துளிகளை நினைத்து, நான் மட்டும் கண்ணைத் திறந்தே வைத்திருப்பேன்.