மெராவி கேட்ட மணல்

தோணி கரை தட்டும்வரை மெராவிக்குப் பொறுக்காது. பாயை இறக்குவதற்குள் இடுப்பளவு நீரில் போய் நிற்பாள். மற்றவர்கள் பன்றிக்குட்டி வந்ததா, கத்திக்காக உடைக்கிற கறுப்புக் கண்ணாடிக்கல் வந்ததா என்று எட்டிப் பார்ப்பார்கள். இவள் கேட்பது ஒன்றுதான்: "என் மணலு எங்க?"

களிமண் நெருப்பில் வெடிக்காமலிருக்க மணல் கலப்பது நம் தீவுகளில் பானை வனைகிற எல்லோரும் செய்வதுதான். மெராவிக்கு மட்டும் அது பிறந்த தீவின் கறுப்பு மணலாக இருக்க வேண்டும். புருஷனோடு இந்தப் புதுத் தீவுக்குக் குடிவந்து எத்தனையோ மழை ஆயிற்று. இன்னும் அவள் அக்காதான் ஓலைப்பையில் கட்டி அனுப்புகிறாள். பக்கத்துக் குடிசை லோசே இங்கத்து வெள்ளை மணலில் செய்த பானைகள் கல் மாதிரி இருக்கின்றன. அதைச் சொன்னால் மெராவிக்குக் காது கேட்காது.

கையும் சும்மா இருக்காது. ஆமையோட்டில் பல் வெட்டிய சீப்பால் பானைக் கழுத்தில் புள்ளிவரி பதித்து முடித்தால், பிசைந்து வைத்த ஈரப்பலாக்காய் மாவில் பதிப்பாள், தூங்குகிற புருஷன் தொடையிலும் பதிப்பாள். அவன் துள்ளி எழுந்தால், "நம்ம ஆளுன்னு தெரிய வேணாமா? எந்தக் கரையில ஒதுங்குனாலும் இந்த வரியப் பாத்துதான் திங்கக் கெழங்கு போடுவாங்க" என்பாள்.

இந்த முறை விளையாட்டில்லை. போன மழையில் செத்துப் புதைத்த அவள் கைக்குழந்தையின் எலும்பை, அடுத்த மழை இறங்குமுன் எடுத்துச் சாடியில் வைக்க வேண்டும். தாய்த்தீவு மணல் கலக்காத சாடியில் வந்தால், செத்துப்போன மூத்தவர்கள் பிள்ளையை நம்முடையது என்று தூக்கிக்கொள்வார்களா? அந்தத் தவிப்பில் கிழங்கு தண்ணி மறந்து கிடந்தாள்.

தோணிக்காரன் தகோய் தலையைச் சொறிந்தான். "காத்து பெரட்டி எடுத்துருச்சுக்கா. மணலா நாங்களான்னு வந்துச்சு. கடல்ல கொட்டிட்டோம்."

"பன்னி மட்டும் பத்திரமா வந்திருக்கு?"

"பன்னி கத்துச்சுக்கா. மணலு கத்தலியே."

அதற்குப்பின் அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. வேறு தோணி வருகிறதா என்று முனைப்பாறையில் ஏறுவாள், இறங்குவாள். களிமண்ணை இலையால் மூடுவாள், திறப்பாள். மழை முட்டிக்கொண்டு நின்றது. இனித் தள்ளிப்போட முடியாதென்று புருஷன் குழியைத் தோண்டினான். சின்ன எலும்புகளில் வெள்ளை மணல் அப்பியிருந்தது. மெராவி தட்டித் தட்டிப் பார்த்தாள், போகவில்லை. பிறகு தட்டுவதை விட்டுவிட்டு, அதே குழியிலிருந்து இரு கையாலும் மணலை அள்ளிக் களிமண்ணில் போட்டாள். அழுதுகொண்டே பிசைந்தாள். நெருப்பில் வைத்தபோது சாடி வெடிக்கவில்லை.

தகோய் திரும்பப் புறப்பட்டபோது அவன் கையில் ஒரு பையைக் கொடுத்தாள்.

"என்னக்கா இது, இந்தக் கனம் கனக்குது?"

"எம் புள்ள படுத்திருந்த மணலு. எங்கக்காகிட்ட குடு. அவ பானையில இதக் கலக்கட்டும்."

"சரிதான். மறுபடி காத்து அடிச்சா?"

மெராவி பையை அவனிடமிருந்து பிடுங்கினாள். அவன் இடுப்பைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, பல்லால் கடித்து இழுத்து, பையை அவனோடு சேர்த்துக் கட்டி முடிச்சுப் போட்டாள்.