உறைக்குள் இருந்த கணினி

அம்பிட்டியவில் நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் புதுக் கணினிகள் வந்தன. பிளாஸ்டிக் உறையைக் கழற்றியதும் எழுந்த வாசனை என்னை ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் நான் படித்த தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கே கொண்டுபோனது.

அங்கே ஒரே கணினி, அதிபர் அறையில் உறை போட்டபடியே இருந்தது. பதினொரு வயதில் அதைத் திருட்டுத்தனமாக இயக்கினேன். புத்தகத்தில் பார்த்த கட்டளைகளைத் தட்டி, திரையில் ஒரு சதுரம் வரைந்தேன். பிடிபட்டதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலையிலிருந்து அம்மாவை அழைத்தார்கள்.

"பழுதாகியிருந்தா? மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க" என்றார் அதிபர்.

அம்மா இடுப்பில் சுற்றியிருந்த ஈரப் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. "கேக்க மாட்டா சார். படிக்கத்தானே தொட்டா? இனியும் தொடுவா."

நானும் தலை குனியவில்லை.

இன்று எங்கள் அதிபர், "கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் குடுங்க டீச்சர்" என்றார்.

"முடியாது சார்" என்றேன். தரம் ஆறு முழுவதையும் உள்ளே கூப்பிட்டேன்.