யாரும் கூப்பிடாத பதினொரு வரி

பெல்சி கணினி நிரலை வாய்விட்டுத்தான் படிக்கிறாள். அச்சடித்த நீளத்தாள் மேசையிலிருந்து தரைவரை தொங்குகிறது. ஒரு வேலைக்கென்று பெயரிட்டு எழுதிவைத்த சில வரிகள்தான் ஒரு செயல். ஒவ்வொரு செயலின் பெயர் வரும்போதும் நிறுத்தி, "இத யாரு கூப்புடுறாக?" என்று தாளிடமே கேட்கிறாள். வேறொரு வரி அதைப் பெயர் சொல்லி வேலைக்குக் கூப்பிடும் இடம் அகப்பட்டால் பென்சிலால் ஒரு புள்ளி. அகப்படாவிட்டால் டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டாள்.

காரைக்குடியில், மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஆறு பேர் வேலை பார்க்கும் நிறுவனம் அது. நூற்பாலை இயந்திரங்களுக்கென்று ஒரு சின்னக் கணினி மொழியைச் செய்து விற்கிறார்கள். அந்த மொழியில் எழுதிய நிரல்களை அடியில் நின்று ஓட்டிக்கொடுக்கும் பகுதி பெல்சியின் பொறுப்பு. அதில் புதிதாக எதையாவது சேர்க்கச் சொன்னால் முகம் சுண்டிப்போகும். எதையாவது எடுக்கலாம் என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

தொண்ணூற்றேழில் ஆலைகளுக்குப் புதுச் சிப் வந்தது. எல்லாச் செயல்களும் அதற்கு மாறிவிட்டன, ஒன்றைத் தவிர. நினைவகத்தில் ஒரு தகவல் இருக்கும் இடத்தைக் காட்டுவது சுட்டி. அதை, நடுவில் வேறெந்த வேலையும் குறுக்கிடாமல், ஒரே மூச்சில் மாற்றுகிற செயல் அது. மூத்தவர் சேவுகன் எழுதிய பதினொரு வரி. பழைய சிப்பில் அதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது, புதியதில் இல்லை. மூன்று வாரம் மல்லுக்கட்டினார். சோதனை நிரல் அந்த இடத்துக்கு வந்ததும் உறைந்து நின்றுவிடும். ஆலைக்காரர்கள் வேறு ஆளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணே, சோதனை நிரலத் தவிர இத யாரு கூப்புடுறாக?" என்றாள் பெல்சி.

"ரெண்டு சிப்பு சேந்து ஓடுற காலம் வரும் தாயி. அப்ப வேணும்ல?"

"எழுதி அஞ்சு வருசமாச்சே. வந்துச்சா?"

சேவுகன் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர்கள் மொழி ஓடும் ஏழு ஆலைகளில், அலுவலகத்தில் இருந்த ஆறின் நிரல்களை அவள் எடுத்து உட்கார்ந்தாள். ஆறிலும் அந்தச் செயலைக் கூப்பிடும் இடம் இல்லை. ஏழாவது, கண்டரமாணிக்கத்து ஆலையில் அவர்களே திருத்திக்கொண்டது. அலுவலகத்தில் பிரதி கிடையாது. பஸ் ஏறிப் போனாள். "இல்லாத ஒண்ணத் தேடியா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று சிரித்தார் இயந்திரப் பொறுப்பாளர் வீரையா. "இல்லைன்னு சொல்லணும்னா பாத்துட்டுத்தானே சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, பஞ்சுத்தூசி பறக்கும் கூடத்தில் நின்றபடியே கடைசி வரிவரை படித்தாள். அங்கேயும் இல்லை. அதற்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும், ஒரு பிரதியில் மட்டும் அந்தப் பதினொரு வரிகளையும் அவற்றுக்கான சோதனையையும் எடுத்துவிட்டு, ஏழு ஆலை நிரல்களையும் புதுச் சிப்பில் ஓட்டினாள். பகல் முழுக்க எதுவும் நிற்கவில்லை.

சேவுகன் பக்கத்தில் வந்து நின்று திரையையே பார்த்தார். "ஒம்போது நாளு உக்காந்து எழுதுனது" என்றார். 

"தப்புன்னு எடுக்கலண்ணே. ஒரு எழுத்துகூடப் பிசகில்ல. வேலதான் இல்ல."

"என்னைக்காவது வேணும்னா?"

"அன்னைக்கு நீங்களே எழுதிருவீக."

மூல நிரலைத் திரையில் திறந்து அந்த வரிகளுக்குக் கொண்டுவந்து வைத்தாள். எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்கார்ந்ததும் ஜன்னலோரம் போய்த் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள், அழிக்கிற விசையை அவர் தட்டுகிற சத்தம் கேட்கும்வரை.